புஷ்கர் ஒட்டகச் சந்தை: பௌர்ணமிக்குப் போனால் ஒட்டகம் மிஞ்சாது

மணல்மேடு முழுக்க ஒட்டகம், பின்னால் சாயும் சூரியன், சிவப்புத் தலைப்பாகை. ராஜஸ்தானில் அஜ்மீர் பக்கத்தில் நடக்கும் புஷ்கர் மேளா என்றால் சுவரொட்டியில் இதுதான் இருக்கும். அதை நம்பிப் பௌர்ணமியன்று போய் இறங்குகிறவர்களுக்குக் கிடைப்பது ஏரியில் முழுக்குப் போட வந்த கூட்டமும் காலி மணலும்தான். ஒரே பெயரில் அங்கே இரண்டு விழாக்கள் நடப்பதுதான் காரணம். ஏகாதசி முதல் பௌர்ணமி வரை ஐந்து நாள் தீர்த்த நீராடல். ஒட்டகம் உள்பட கால்நடை விற்கும் சந்தைக்காரர்களின் திருவிழா அதற்கு ஒரு வாரம் முன்பே சூடு பிடித்து, ஏகாதசி வாக்கில் கலைந்துவிடும். பார்க்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான்.

தேதியில் நம்மவர்கள் சறுக்குவது இன்னொரு விதம். அவர்கள் சொல்லும் கார்த்திக் பூர்ணிமா நம் திருக்கார்த்திகை அல்ல. பெரும்பாலான ஆண்டுகளில் அது ஐப்பசிப் பௌர்ணமி, சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் நாள். 2025-இல் அங்கே பௌர்ணமி நவம்பர் 5. இங்கே தீபம் டிசம்பர் 3. பஞ்சாங்கத்தில் அவர்களுடைய பௌர்ணமியைப் பிடித்து, அதிலிருந்து எட்டு ஒன்பது நாள் பின்னோக்கி எண்ணிப் போய்ச் சேருங்கள். மூன்று இரவு தாராளம். கிளம்புமுன் அந்த ஆண்டு கால்நடைகளுக்கு அனுமதி உண்டா என்றும் பார்க்க வேண்டும். 2022-இல் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் பரவியதால் மேளா நடந்தது, கால்நடைச் சந்தை நடக்கவில்லை.

ரயிலில் அஜ்மீர் வரை போய்விட்டால் நாக மலையைச் சுற்றி ஏறி இறங்க அரை மணி நேரம். அரசுப் பேருந்து அடிக்கடி உண்டு. கடைசி ஐந்து நாளில் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள்; பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

மைதானத்துக்குப் போக நல்ல நேரம் விடியற்காலை ஆறு மணி. ராத்திரி குளிருக்கு மூட்டிய கணப்பு அணைந்திருக்காது, டீ கொதிக்கும், ஒட்டகங்களுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பேரமும் அப்போதே தொடங்கிவிடும். ஒன்பதரைக்கு மேல் வெயிலும் புழுதியும் சேர்ந்து விரட்டிவிடும். மூக்குக்கு ஒரு துண்டு, காலுக்கு மூடிய செருப்பு, காலை மாலைக்கு ஒரு சால்வை போதும்.

வியாபாரம் நம்மூர் மாட்டுத்தாவணி அறிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒட்டகத்துக்கும் வாயைத் திறந்து பல் பார்த்துத்தான் வயது சொல்வார்கள்: ரெண்டு பல், நாலு பல், ஆறு பல். ஆனால் மாட்டுக் கணக்கைப் போட்டால் தப்பாகும். மாடு இரண்டு வயதையொட்டி முதல் ஜோடி நிலைப்பல் போடும். ஒட்டகத்துக்கு ஐந்து வயதாகும். பிகானேரி வகைக்குக் காதிலும் புருவத்திலும் முடி அடர்ந்திருக்கும், பாரம் இழுக்க நல்லது. ஜெய்சல்மேரி ஒல்லி, நீண்ட கால், சவாரிக்கு. சந்தைக்கு வந்த கால்நடைக்குக் கால்நடைத் துறை 'வெள்ளைச் சீட்டு' போடும். விற்ற பிறகு 'ரவன்னா' என்ற வெளியேறும் சீட்டு வாங்க வேண்டும். ரவன்னா கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் கூட்டம் கரையப் போகிறது என்று பொருள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இது இப்போது பாதிக்கு மேல் குதிரைச் சந்தை. 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 4 லட்சம் ஒட்டகங்கள், 2019-இல் 2.5 லட்சம். உழவையும் பாரத்தையும் டிராக்டர் எடுத்துக்கொண்டது, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. 2014-இல் ராஜஸ்தான் ஒட்டகத்தை மாநில விலங்காக்கியது. 2015 சட்டம் அனுமதியில்லாமல் அதை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்றது. காப்பாற்ற வந்த சட்டம்தான், ஆனால் ஆண் ஒட்டகத்தை வாங்கிப்போன வெளிமாநில ஆட்கள் வருவது நின்று விலை விழுந்தது. வளர்க்கும் ரைக்கா குடும்பங்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வரும் வார்த்தை இதுவாகத்தான் இருக்கும்.

குதிரைப் பக்கம் இன்னும் நேரம் ஒதுக்கலாம். மார்வாரிக் குதிரையின் இரண்டு காது நுனியும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். இந்த இனத்தின் அடையாளமே அதுதான். காளைக்கு நாம் பார்ப்பதுபோலவே சுழியும் பார்ப்பார்கள். கழுத்தில் 'தேவ்மண்' சுழி இருந்தால் ராசி. கண்ணுக்குக் கீழே இருந்தால் கண்ணீர்ச் சுழி, எவ்வளவு அழகான குதிரையானாலும் விலை இறங்கிவிடும். கோடிக்கணக்கில் விலை சொல்லி நிறுத்தியிருக்கும் முர்ரா எருமைக்கிடாக்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவை பெரும்பாலும் விற்பனைக்கு வருவதில்லை. சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சி விற்கிறவர்களுக்கு அது நடமாடும் விளம்பரம்.

ஆண் ஒட்டகத்திடம் எட்டியே நில்லுங்கள். குளிர்காலம் அதற்கு மதம் பிடிக்கும் பருவம். வாய் ஓரத்தில் நுரை, தொண்டையில் குடகுடவென்று சத்தம், சிவந்த பலூன்போல உள்ளண்ணம் வெளியே தொங்குவது, இதில் எது தெரிந்தாலும் செல்ஃபி ஆசையை விட்டுவிட வேண்டும். கடித்தால் எலும்பு தாங்காது.

சவாரிக்கு அரை மணி நேரமே அதிகம். ஒட்டகம் எழும்போது பின்னங்காலை முதலில் தூக்கும், உட்காரும்போது முன்னங்காலை முதலில் மடக்கும். இரண்டு தடவையும் உடம்பு முன்னால்தான் பாயும், ஆகவே இரண்டு தடவையும் பின்னால் சாய வேண்டும். இதைச் சொல்லாமல் ஏற்றிவிடுகிறவர்களே அதிகம். பெரியவர்கள் கூட வந்தால் மெத்தை போட்ட ஒட்டக வண்டி மேல். கூலியை ஏறுமுன் பேசி, தலைக்கா வண்டிக்கா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கும்போது சண்டை வருவது அங்கேதான். படம் எடுக்கவும் பலர் காசு கேட்பார்கள். கேட்டுவிட்டு எடுப்பதுதான் மரியாதை.

மீசைப் போட்டி, பானை ஓட்டம், உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் கயிறு இழுப்பது எல்லாம் மைதானத்தில் நடக்கும். ஒருமுறை பார்க்கலாம், அவ்வளவுதான். காத்திருந்து பார்க்க வேண்டியது கால்பேலியா ஆட்டம். பாம்பாட்டிச் சமூகத்துப் பெண்களின் இந்த ஆட்டம் 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

ஏரியைச் சுற்றி 52 படித்துறை. செருப்பைத் தொலைவிலேயே கழற்ற வேண்டும், குளிப்பவர்களைப் படம் எடுக்கக் கூடாது. கையில் பூவைத் திணித்துச் சங்கல்பம் தொடங்கிவிட்டுப் பிறகு ஆயிரக்கணக்கில் கேட்பது இங்கே பழைய வழக்கம். பூவை வாங்குமுன் தொகையைச் சொல்லிவிடுங்கள். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டால் மற்ற பூசாரிகள் விட்டுவிடுவார்கள். அதற்கு 'புஷ்கர் பாஸ்போர்ட்' என்றே பெயர். பிரம்மா கோயிலில் வரிசை நீளம். பலரும் தாண்டிப் போய்விடும் ரங்ஜி கோயிலில் நம்மூர் பாணிக் கோபுரம் நிற்கிறது, ராமானுஜ சம்பிரதாயக் கோயில். பாலைவன ஓரத்தில் அதைப் பார்ப்பது தனி சுகம்.

சாப்பாட்டில் முட்டைகூடக் கிடையாது, மதுவும் இல்லை. ரபடி என்ற சுண்டக் காய்ச்சிய பால் சேர்த்த மால்புவா (பாகில் ஊறிய இனிப்பு அப்பம்), கச்சோரி இரண்டையும் விடாதீர்கள். ஒட்டகப் பால் லேசாக உப்புக் கரிக்கும். கெட்டித் தயிராகவும் உறையாது, அதனால் நம் நாக்குக்கு ஒரு டம்ளர் போதும்.

பொருள் வாங்குவதை ஏரிக்கரைக் கடைத்தெருவில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒட்டகக்காரர்களுக்கே விற்கும் கடைகள் மைதான ஓரத்தில் இருக்கும்: சோழி கோத்த கோர்பந்து கழுத்தணி, சலங்கை, ஆட்டுமயிர்க் கயிறு, மூக்கணை. விலை கிராமத்து ஆளுக்குச் சொல்வது. பேரத்தில் பெரிதாக இறங்காது, அதுவே நல்ல அறிகுறி. இந்தக் கடைகளும் ஒட்டகங்களோடு மூட்டை கட்டிவிடும் என்பதால் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.