ஏர்போர்ட் காபி கியூ: வடசென்னைக்காரர்கள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து, காலை 5 மணி முதல் வண்டியைப் பிடித்து வெறும் வயிற்றோடு ஏர்போர்ட்டில் இறங்குகிறவர்கள் நம் பக்கம் நிறைய. செக்யூரிட்டி தாண்டியதும் காபி வாசனை இழுக்கும். ஏமாறுவது அங்கேதான்.

போர்டில் ‘ஃபில்டர் காபி’ என்று இருக்கும், பக்கத்தில் அழகுக்கு ஒரு பித்தளை ஃபில்டரும் இருக்கும். கப்பில் விழுவது பல இடங்களில் மெஷின் பிரீமிக்ஸ். பால் பவுடர், சர்க்கரை, காபிப் பொடி எல்லாம் முன்பே கலந்தது. “சர்க்கரை இல்லாம போடுவீங்களா?” என்று கேளுங்கள். முடியாது என்றால் டிகாக்‌ஷன் கிடையாது என்று அர்த்தம்.

சைஸ் சொல்லாவிட்டால் பெரிய கப்பாகவே பில் போடுவார்கள். “சின்னது, வேற எதுவும் வேணாம்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் குக்கீயும் சேர்ந்து வரும். ஸ்கேன் செய்வதற்கு முன் திரையில் தொகையைப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல் அது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்க மறுத்தால் பில்லைப் படம் பிடித்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

“பேமென்ட் வரலை, இன்னொரு தடவை போடுங்க” என்பது இன்னொரு தொல்லை. பின்னால் கியூ முறைக்க, அவசரத்தில் இரண்டாவது முறை போட்டுவிடுகிறோம். முதலில் பேங்க் எஸ்எம்எஸ் பாருங்கள். பணம் போயிருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் யூடிஆர் எண்ணைக் காட்டுங்கள். கடைக்குச் சேராத யூபிஐ பணம் 5 நாளுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு என்பது ரிசர்வ் வங்கி விதி.

பணம் கட்ட ஒரு கியூ, கப் வாங்க இன்னொரு கியூ. “இப்ப எந்த டோக்கன் ஓடுது?” என்று கேட்காமல் கட்டாதீர்கள். முன்னால் பத்து பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலே இருபது நிமிடம் போச்சு. கேட்டை 25 நிமிடம் முன்பே மூடும் ஏர்லைன்ஸும் உண்டு. வாங்காமல் ஓடினால் பணம் திரும்பாது.

டெர்மினல் 1-ல் விமானம் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம். செக்யூரிட்டிக்கு முன்பே உடான் யாத்ரி கஃபே என்ற மலிவு விலைக் கடை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் திறந்தபோது டீ 10, காபி 20 ரூபாய். அங்கேயே குடித்துவிட்டு உள்ளே போங்கள்.