ரைன்பெக்கா, டன்பிரிட்ஜா, ஷெட்லாந்தா: இந்த இலையுதிர்காலத்தில் கம்பளிக்கு எங்கே போவது?

செப்டம்பர் பிறந்தால் போதும், கம்பளி பின்னுகிறவர்கள், நூற்கிறவர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் எங்கே போகிறாய்? அமெரிக்காவின் வடகிழக்கிலும் பிரிட்டனிலும் செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து நவம்பர் தொடக்கம் வரைக்கும் அடுத்தடுத்து கம்பளித் திருவிழாக்கள். எல்லாவற்றுக்கும் போக லீவும் கிடையாது, பணமும் கிடையாது. அதனால் அதிகம் அடிபடும் மூன்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒன்று, நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் பள்ளத்தாக்கில் இருக்கும் ரைன்பெக். விழாவின் முழுப்பெயர் நியூயார்க் ஸ்டேட் ஷீப் அண்ட் வுல் ஃபெஸ்டிவல், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஊர்ப் பெயரே விழாவின் பெயராகிவிட்டது. அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் நடக்கும். இரண்டாவது, வெர்மான்ட்டின் டன்பிரிட்ஜ் பொருட்காட்சித் திடலில் அக்டோபர் முதல் வார இறுதியில் நடக்கும் வெர்மான்ட் ஷீப் அண்ட் வுல் ஃபெஸ்டிவல். மூன்றாவது, ஸ்காட்லாந்துக்கும் வடக்கே கடலில் கிடக்கும் ஷெட்லாந்து தீவுகளில் 2010-இல் தொடங்கிய வுல் வீக், செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து அக்டோபருக்குள் போகும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பின்னுவதும் உண்டு என்றாலும் அடிப்படையில் நூற்கிறவள். என் தராசு அந்தப் பக்கம் சாயும். பின்னல் மட்டும் போதும் என்பவர்கள் அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ரோமம் வாங்க

சாயம் போட்ட நூல் சிட்டத்தை வீட்டில் உட்கார்ந்தே வாங்கிவிடலாம், நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். ஃபிளீஸ் விஷயம் வேறு. ஒரு ஆட்டின் மேலிருந்து ஒரே விரிப்பாகக் கத்தரித்து எடுத்த மொத்த ரோமம் அது. கையால் தொடாமல், மோந்து பார்க்காமல் வாங்கினால் பெரும்பாலும் வம்புதான்.

எப்படிப் பார்ப்பது என்றால், பையின் மேல்பக்கம் அழகாகத் தெரியும் பகுதியை விட்டுவிட்டு உள்ளே கைவிட்டு ஒரு கொத்தை உருவ வேண்டும். பென்சில் கனத்துக்குப் பிரித்துக்கொண்டு இரண்டு நுனியையும் இரண்டு கையில் இறுக்கிப் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து வெடுக்கென்று ஒரு இழு. கணீரென்று ஒரு சத்தம் வந்தால் இழை உறுதி. நெறுநெறுவென்று கேட்டாலோ நடுவில் பிய்ந்துகொண்டாலோ வைத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. அந்த ஆடு ஏதோ ஒரு கட்டத்தில் காய்ச்சலில் கிடந்திருக்கும், இல்லை குட்டி போட்ட நேரத்தில் தீவனம் போதாமல் இருந்திருக்கும், அந்தச் சில வாரங்களில் வளர்ந்த ரோமம் மட்டும் மெலிந்துபோய் எல்லா இழையிலும் ஒரே உயரத்தில் ஒரு பலவீனம் நிற்கும். சீப்பில் போட்டுச் சிக்கெடுக்கும்போது அத்தனையும் அந்த இடத்தில் அறுந்து, நூலில் சின்னச் சின்ன முடிச்சாக வந்து நிற்கும்.

அப்புறம் வெட்டுப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கத்தரிப்பவர் ஒரே இடத்தில் இரண்டு முறை கத்தரியை ஓட்டியிருந்தால் அரை அங்குலத் துணுக்குகள் உதிரும். கழுத்துப் பகுதியில் வைக்கோல் எவ்வளவு சிக்கியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எடையில் ஏமாறக்கூடாது: மெரினோ மாதிரி மெல்லிய இழை ஆட்டு ரகங்களில் துவைத்த பிறகு பாதி எடை கொழுப்பும் அழுக்குமாகப் போய்விடும், ரோம்னி மாதிரி நீள இழை ரகங்களில் அவ்வளவு போகாது.

இலையுதிர்கால விழாவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரும்பாலான பண்ணைகளில் கத்தரிப்பு வசந்தத்தில்தான். அக்டோபரில் விற்பனைக்கு வருவது கோடை முழுக்க மூட்டையில் இருந்த ரோமம். ஆற அமர உட்கார்ந்து ஓரத்துக் கழிவை எல்லாம் நீக்கிக் கொண்டுவந்திருப்பார்கள், அது நல்லது. ஆனால் போன வருஷத்து மூட்டை கலந்திருந்தால் ரோமக் கொழுப்பு இறுகி நுனியெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும், துவைப்பது பெரும்பாடு. எந்த மாதம் கத்தரித்தது என்று கேட்பதில் தப்பே இல்லை. ஐஸ்லாண்டிக் ஆடுகளை வருஷத்துக்கு இரண்டு தடவை கத்தரிப்பவர்கள் உண்டு, அதில் இலையுதிர்கால ரோமம்தான் சுத்தமானது.

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். ரைன்பெக்கில் ஃபிளீஸ் விற்பனைக்குச் சனிக்கிழமை காலையிலேயே வரிசை நிற்கும். கார்மோ, காரிடேல், ரோம்னி, பார்டர் லெஸ்டர் என்று ரகம் ரகமாக ஒரே கூரைக்குக் கீழே கிடைப்பது பெரிய வசதி, ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். ஒப்பிட நேரம் கிடைத்தால்! நீங்கள் கொத்தை உருவி இழுத்துப் பார்ப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். எது வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போகிறவர்களுக்கான இடம் அது.

டன்பிரிட்ஜில் பைகள் குறைவுதான். ஆனால் பைக்குப் பின்னால் அந்த ஆட்டை வளர்த்தவர் நிற்பார். ஆட்டுக்கு என்ன வயசு, ரோமம் அழுக்காகாமல் இருக்க மேலே துணிச்சட்டை போட்டு வளர்த்ததா, இந்த வருஷம் குட்டி போட்டதா என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார், அடுத்த வருஷம் அதே ஆட்டின் ரோமத்தை எடுத்து வைக்கச் சொல்லிப் பேசியும் வைக்கலாம். எனக்கு இதுதான் வேண்டியது. ஒரு ஸ்வெட்டருக்குத் தேவையானதை நூற்று முடிக்கவே மாதக்கணக்கில் ஆகிறது, ரகங்களைக் குவித்து வைத்து என்ன செய்ய?

ஷெட்லாந்தில் கதை வேறு. ஒரே ரகம், ஆனால் அந்த ஒரு ரகத்துக்குள் இருக்கிற வித்தியாசங்கள் தலைசுற்ற வைக்கும். தீவுகளின் முக்கிய ஊரான லெர்விக்கில் இருக்கும் ஜேமிசன் அண்ட் ஸ்மித்தின் கம்பளிக் கிடங்குக்குத் தீவு முழுக்க நூற்றுக்கணக்கான சின்ன விவசாயிகளிடமிருந்து ரோமம் வருகிறது. அங்கே தரம் பிரித்து வைத்திருக்கும் குவியல்களைப் பார்த்தால், ஒரே ஆட்டின் கழுத்து ரோமமும் தொடை ரோமமும் எவ்வளவு வேறு என்பது சட்டென்று விளங்கும். செம்பழுப்பான மூரிட், கரும்சாம்பலான ஷேலா என்று இயற்கை நிறங்களுக்கே தனித்தனிப் பெயர் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல், துவைக்காத கச்சா ரோமத்தைக் கொண்டுவர இங்கே வேளாண் துறையின் விதிகள் குறுக்கே நிற்கும். கிளம்பும் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் துவைத்து சீவிய ரோமமாகவோ நூலாகவோ வாங்கிவிடுங்கள். (ஜேமிசன் அண்ட் ஸ்மித் வேறு, ஜேமிசன்ஸ் ஆஃப் ஷெட்லாந்து வேறு. இரண்டாமவரின் ஆலை தீவின் மேற்குக்கோடியில் சாண்ட்னஸ் என்ற ஊரில் இருக்கிறது, ஷெட்லாந்திலேயே நூற்பவர்கள் அவர்கள்.)

போய்ச் சேருவது

எங்களைப் போல நியூ ஜெர்சி பக்கம் இருப்பவர்களுக்கு ரைன்பெக்தான் சுலபம். நியூயார்க் பென் ஸ்டேஷனில் ஆம்ட்ராக் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ரைன்கிளிஃப், அங்கிருந்து திடலுக்குக் கொஞ்ச தூரம்தான். காரில் போனால் சனிக்கிழமை காலை ஊருக்குள் நுழையவே நெரிசல். தங்க இடம் கிடைப்பது இன்னொரு தலைவலி, அக்டோபர் முடிந்த கையோடு அடுத்த அக்டோபருக்கு அறை பிடித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் ஞாயிறு மதியம் போங்கள், நல்ல ஃபிளீஸ் போயிருக்கும், மூச்சு விட இடம் இருக்கும்.

டன்பிரிட்ஜுக்குக் கார் இல்லாமல் முடியாது. மலைப்பாதை, மேல் கூரை போட்ட மரப் பாலங்கள், ஃபோனில் சிக்னல் போய்ப் போய் வரும், வழியைப் பேப்பரில் எழுதிக்கொண்டு போவது உத்தமம். அந்த வாரத்தில் மேப்பிள் இலைகள் சிவந்து நிற்கும், அதைப் பார்க்க வருகிற கூட்டத்தால் விடுதி வாடகையும் ஏறி நிற்கும். போகிற வழியில் காட்டுக்கு நடுவே கருங்கல் சுவர்கள் ஓடுவதைப் பார்க்கலாம். காட்டுக்குள் யாருக்காகச் சுவர்? லிஸ்பனில் அமெரிக்கத் துணைத்தூதராக (கான்சல்) இருந்த வில்லியம் ஜார்விஸ் 1811-இல் ஸ்பானிய மெரினோ ஆடுகளை வெர்மான்ட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு பிடித்த ஆட்டுப் பைத்தியத்தில் 1840 வாக்கில் மாநிலத்தில் 16 லட்சத்துக்கும் மேல் ஆடுகள், ஆளுக்கு ஏறக்குறைய ஆறு. அன்றைக்கு மேய்ச்சலுக்காக மொட்டையடித்த மலைகள் அவை. மேற்கே மலிவான நிலம் திறந்ததும் ஆடு போயிற்று, காடு திரும்பி வந்துவிட்டது, சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. அதைத் தெரிந்துகொண்டு டன்பிரிட்ஜில் ஒரு சின்னப் பண்ணையின் மெரினோவைக் கையில் எடுத்தால் அதன் சுவையே தனி.

ஷெட்லாந்துக்கு அபர்டீனிலிருந்து விமானமும் உண்டு, மாலை கிளம்பி மறுநாள் காலை 7.30-க்கு லெர்விக் சேரும் கப்பலும் உண்டு. வடகடல் செப்டம்பர் கடைசியில் சாதுவாக இருக்காது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்தால் கப்பலே தாமதமாகும், அதனால் திரும்பும் விமானத்தை அதே நாளில் போடாதீர்கள்.

ஸ்வெட்டரும் தொப்பியும்

பின்னல்காரர்களுக்கு ரைன்பெக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. அங்கே போட்டுக்கொண்டு போவதற்கென்றே புது ஸ்வெட்டர் பின்னுவது ஒரு வழக்கமாகிவிட்டது, அதற்கு ரைன்பெக் ஸ்வெட்டர் என்றே பெயர். கோடையில் ஊசியில் ஏற்றி, கடைசி வாரம் தூக்கம் கெட்டு, கை ஒட்டாத ஸ்வெட்டரோடு ரயிலில் உட்கார்ந்து தைப்பவர்கள் வரைக்கும் உண்டு. திடலில் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்தி, இது என்ன நூல், கழுத்தை எப்படி முடித்தீர்கள் என்று கேட்பார்கள். வீட்டில் யாரும் கேட்காத கேள்விகள்! ஒரே ஆபத்து வெயில், அக்டோபர் நடுவில் திடீரென்று சூடு ஏறினால் மூன்றடுக்குக் கம்பளிக்குள் வேர்த்துக் கொட்டும், ஆனாலும் ஒருவரும் கழற்ற மாட்டார்கள்.

ஷெட்லாந்தில் நேர் எதிர். ஒவ்வொரு வருஷமும் விழாவின் புரவலராக ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர் ஒரு தொப்பி வடிவமைத்துக் கொடுக்கிறார், வருகிறவர்கள் எல்லோரும் அதே தொப்பியைத் தங்களுக்குப் பிடித்த நிறத்தில் பின்னிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் அந்தத் தொப்பியைப் பார்த்தாலே பேச்சு ஆரம்பித்துவிடும். ஸ்வெட்டரை முடிக்கவே முடிக்காத என்னைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவோ மேல்.

டன்பிரிட்ஜில் அப்படி எந்தச் சடங்கும் இல்லை. சேறு ஒட்டிய பூட்ஸ் போட்டுக்கொண்டு போனால் போதும்.

கற்றுக்கொள்ள, பார்க்க, தின்ன

கற்றுக்கொள்ள ஷெட்லாந்துதான், இதில் போட்டியே இல்லை. இடுப்பில் துளைகள் போட்ட தோல் பெல்ட்டைக் கட்டி, அதில் ஒரு நீள ஊசியின் முனையைச் செருகிக்கொண்டு, நின்றபடியே விறுவிறுவென்று வட்டமாகப் பின்னுகிற அந்த ஊர்ப் பெண்களின் வேகத்தை வீடியோவில் பார்த்தால் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வலதுகை ஊசி அசையாமல் நிற்பதும் விரல் மட்டும் நூலைத் தள்ளுவதும் தெரியும். உன்ஸ்ட் தீவில் கல்யாண மோதிரத்துக்குள் நுழையும் அளவுக்கு மெல்லிய லேஸ் சால்வைகளைப் பார்த்தபின் நம் நூற்பின் மீது உள்ள கர்வம் கொஞ்சம் இறங்கும். ஆனால் வகுப்புகளுக்கு டிக்கெட் தனித்தனி, விற்பனை திறந்ததும் நல்லவை போய்விடும், ஒரு வாரத்துக்கான செலவும் மற்ற இரண்டையும் சேர்த்தாலும் பல மடங்கு.

ராட்டை வாங்க நினைப்பவர்களுக்கு ரைன்பெக். பல கம்பெனி ராட்டைகளை ஒரே நாளில் உட்கார்ந்து மிதித்துப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் அதுவே, தாண்டிக் குதிக்கும் லாமாக்களுக்குப் போட்டி எல்லாம் வைக்கிறார்கள். சாப்பாட்டில் சைவர்களுக்கு அங்கே ஆர்ட்டிசோக் வறுவல் இருக்கிறது, மாவில் தோய்த்துப் பொரித்தது, நம் பஜ்ஜிக்குச் சித்தப்பா பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசை நீளம், நிற்கலாம். ஷெட்லாந்தில் ஊர்ச் சமூகக்கூடங்களில் ஞாயிறு மாலை தேநீரும் கேக்கும் போடுவார்கள், அதைத் தவறவிடக்கூடாது.

யார்க்ஷயரின் ஸ்கிப்டனில் செப்டம்பர் கடைசியில் நடக்கும் யார்ண்டேல் பற்றியும் கேட்பார்கள். ஆடுமாடு ஏலம் விடும் கொட்டகையில், பட்டிகளுக்குள்ளேயே கடை போடுகிறார்கள், பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் நூலும் குரோஷேவும்தான் அதிகம், கச்சா ரோமத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

ஆக, பின்னல் மட்டும் என்றால் ஒரு தடவையாவது ரைன்பெக் போய்விடுங்கள். ஒரே ரகத்தில் ஊறிப்போய், அதன் ஊரையே பார்க்க வேண்டும் என்று தோன்றுகிற நாளில் ஷெட்லாந்துக்குச் சேமிக்க ஆரம்பியுங்கள். நான் இந்த அக்டோபரில் டன்பிரிட்ஜுக்குத்தான் போகிறேன், ரோம்னி ஒன்று, கறுப்பாகக் கிடைத்தால் நல்லது. யாராவது கூட வருவதானால் டிக்கியில் இடம் இருக்கும், ஆனால் திரும்பி வரும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வருவேன், துவைக்காத ரோம வாடை சிலருக்கு ஆகாது. வாங்கியதை வீட்டுக்குள் மற்றக் கம்பளியோடு வைக்காமல் முதலில் தனியே கட்டி வையுங்கள், அந்துப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் துவைக்கலாம்.