ரெஜிபோமா, பிளாஸ்டரா? உப்புக் காற்றில் மாதிரி ரயில் நிலம் அமைத்தல்

திருகோணமலையில் மாதிரி ரயில் தளம் அமைப்பவர் பொருளின் விலையைப் பார்க்கும் முன் அது ஈரத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஐப்பசியில் மாரி தொடங்கினால் தை வரை எதுவும் லேசில் காயாது. மற்ற மாதங்களில் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து படியவிடும். குளிர்நாட்டு வீடியோவில் ஓரிரவில் காய்கிற பூச்சு இங்கே மூன்று நாள் எடுப்பது சாதாரணம். கீழே வரும் அளவுகள் எல்லாம் ஓஓ அளவுக்கு, அதாவது 1:76க்கு உரியவை.

முதலில் மலை. ரயில், கோயில் நிற்கும் கோணேசர் மலையடிக்குப் போவதில்லை. ஆனாலும் 1927இல் திறந்த கல் ஓயா–திருகோணமலைப் பாதையை மேசையில் அமைப்பவர்களுக்கு அந்தப் பாறையை விட்டுவிட மனம் வராது. நூறு மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தைக் கணக்குப்படி சுருக்கினால் 1.3 மீற்றர் வரும், அறையையே அடைத்துவிடும். 40 சென்ரிமீற்றர் போதும். கோயிலை அதற்கேற்பச் சிறிதாக்கி உச்சியில் வைத்தால் கண் மீதி உயரத்தைத் தானே போட்டுக்கொள்ளும்.

ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைக்கட்டியின் பெரிய பலம் பாரமின்மை. 60 × 30 × 40 சென்ரிமீற்றர் கட்டி ஒரு கிலோ அளவில் நிற்கும். கம்பி வலையின் மேல் 5 மில்லிமீற்றர் தடிப்பில் பிளாஸ்டர் (பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்) போட்டு அதே அளவு மலை செய்தால் மூன்று கிலோவுக்குக் குறையாது. தளத்தைக் கழற்றி அலுமாரிக்கு மேல் ஏற்றிவைக்கும் வீடுகளில் இந்த வித்தியாசம் பெரியது. ஈரமும் ரெஜிபோமை ஒன்றும் செய்யாது.

அது கெடுவது பசையால். சூப்பர் குளூ, ரப்பர் சொலூஷன், ஸ்பிரே பெயின்ற், தின்னர் எல்லாமே அதைக் கரைத்துக் குழியாக்கும். வெள்ளை மரப்பசை பாதுகாப்பானது. ஆனால் இரண்டு தகடுகளுக்கு நடுவே முழுக்கப் பூசினால் காற்றுப் படாமல் ஒரு கிழமை போனாலும் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். விளிம்பில் ஒரு கோடு, நடுவில் நாலைந்து பொட்டு என்று வைத்து, தென்னை ஈர்க்கைச் சாய்வாகக் குத்தி இறுக்குங்கள். சூட்டுக் கம்பியால் வெட்டுவதென்றால் முற்றத்தில் வைத்து வெட்டுங்கள், அந்தப் புகை கூடாது. வெட்டிய முகங்களைத் திறந்தபடி விட்டால் எறும்பு குடையும்.

பிளாஸ்டரின் பலம் அதன் முகம். பாறையின் வெடிப்பும் விளிம்பும் அதில் விழுகிற மாதிரி வேறெதிலும் விழாது. நீர்த்த நிறத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். பெயின்ற் அடித்த ரெஜிபோமில் அதே நிறம் வழிந்தோடிவிடும். இங்கே பிளாஸ்டரைக் கெடுப்பவை மூன்று. திறந்த பை காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டிபடும். அதில் செய்த பாறை விரலால் உரசினாலே மாவாகும். உவர்க் கிணற்று நீரில் குழைத்தால் உப்பு இறுகலை வேகப்படுத்தும், காய்ந்த பின் முகத்தில் வெள்ளையாகப் பூக்கும். துத்தநாகம் பூசாத கம்பி வலையென்றால் துரு பிளாஸ்டரினூடாகப் பழுப்பாக ஊறி வெளியே வரும்.

எங்கள் முடிவு: உடல் ரெஜிபோம், தோல் பிளாஸ்டர். ஒரு கோப்பை குழாய் நீரில் இரண்டு கோப்பை பிளாஸ்டரைத் தூவுங்கள். நீரைத் தூளில் ஊற்ற வேண்டாம், கட்டிபடும். ஒரு நிமிடம் ஊறவிட்டு மெல்லக் கலக்குங்கள். சமையலறை அலுமினியத் தாளை நன்றாகக் கசக்கி, பாதி விரித்து, அதில் 4 மில்லிமீற்றர் தடிப்புக்குக் கலவையை ஊற்றுங்கள். அது தயிர்ப் பதத்துக்கு வந்ததும் தாளோடு தூக்கி, நனைத்த ரெஜிபோமில் அழுத்திப் பிடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் தாளை உரிக்கலாம். மடிப்புகள் செங்குத்தாக ஓட வேண்டும், கடலைப் பார்த்த பக்கத்தில் பாறை அப்படித்தான் பிளந்திருக்கிறது. முற்றாகக் காய்ந்த பிறகு கறுப்பு அக்ரிலிக் ஒரு பங்கு, நீர் பதினைந்து பங்கு. அதன் மேல் அங்கங்கே துருப்பழுப்பை வழியவிடுங்கள். மாரியில் ஒரு கிழமையாவது பொறுங்கள். ஈரம் உள்ளே இருக்க நிறம் பூசினால் திட்டுத்திட்டாக வெளிறும்.

தண்ணீருக்கு எப்பொக்சி ரெசினா, வார்னிஷா? கந்தளாய்க் குளம் போல அசையாத நீர் என்றால் ரெசின். ஆழம் உண்மையாகத் தெரியும். ஒரு தடவைக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் ஊற்றக் கூடாது. எங்கள் வெக்கையில் அது வேகமாக இறுகி, தடிப்பாக இருந்தால் கீழேயுள்ள ரெஜிபோமையே உருக்கும் அளவுக்குச் சூடேறும். மழை நாளில் ஊற்றினால் மேலே பிசுபிசுப்பான வெண்படலம் கட்டும். ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் இரவோடிரவாக மேசைக்கடியில் வடிந்துவிடும், ஆகவே அடித்தளத்துக்கு முதலே இரண்டு பூச்சு பெயின்ற் அடித்து அடையுங்கள்.

கோணேசர் மலைக்குக் கீழேயுள்ள கடலுக்கு ரெசின் பொருந்தாது, அது கண்ணாடி போலத் தட்டையாகவே நிற்கும். கரையில் வெளிர்பச்சை, தள்ளித்தள்ளிக் கருநீலம் என்று பலகைக்கு நிறம் பூசுங்கள். மெல்லிய டிஷ்யூத் தாளை நீர்த்த மரப்பசையில் ஒட்டி, தூரிகையால் குத்திக் குத்திச் சிற்றலை எழுப்புங்கள். காய்ந்ததும் மறுபடி நிறம், பிறகு பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் ஐந்து மெல்லிய பூச்சு. தடிப்பாகப் பூசினால் பால் போல வெளிறி நிற்கும். செலவும் ரெசினில் ஒரு சிறு பங்குதான்.

தண்டவாளக் கற்களுக்கு நிலாவெளி மணலை அள்ளுவது எல்லோருக்கும் வருகிற யோசனை. அது வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தை அரிக்கும். மூன்று தரம் கழுவினாலும் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. இந்தக் கரையில், புல்மோட்டைப் பக்கம் போகப் போகக் கூடுதலாக, கருமணல் கலந்திருக்கும். அந்த மணிகள் இன்ஜின் மோட்டரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கருங்கல் உடைக்கிற இடத்துக் கல்தூளைத் தேத்தண்ணி வடியில் சலித்து, அரை முதல் ஒரு மில்லிமீற்றர் மணியை மட்டும் எடுங்கள். அதையும் பொலித்தீனில் சுற்றிய வலுவான காந்தத்தால் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒட்ட மரப்பசை ஒரு பங்கு, நீர் மூன்று பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. இலங்கைப் பாதையின் 1676 மில்லிமீற்றர் அகலம் இந்த அளவில் 22 வர வேண்டும். கடையில் வாங்கும் தண்டவாளம் 16.5தான். கல்லைச் சிலிப்பர்க் கட்டைகளின் முனைகளுக்கு வெளியே அகலமாகப் பரப்பினால் அந்த ஒடுக்கம் அவ்வளவாகத் தெரியாது.

கட்டடங்களுக்கு அட்டையை விட, பெயர்ப்பலகை செய்பவர்களிடம் கிடைக்கும் 3 மில்லிமீற்றர் பிவிசி போம் தகடு மேல். அட்டையில்தான் செய்வதென்றால் உள், வெளி இரண்டு பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்த சுவர் கார்த்திகைக்குள் வளைந்துவிடும். தகரக் கூரைக்குப் பெட்டி மட்டையின் நெளி ஆகாது; மெல்லிய மட்டையின் 3 மில்லிமீற்றர் நெளிகூட உண்மையில் கிட்டத்தட்டக் கால் மீற்றர் நெளியாகிவிடும். தகரத்தின் நெளி மூன்று அங்குலம், இங்கே ஒரு மில்லிமீற்றர். எம்6 போல்ட்டின் புரியிடைவெளியும் சரியாக ஒரு மில்லிமீற்றர். பழைய சைக்கிள் டியூப்பின் மேல் அலுமினியத் தாளை வைத்து, அந்தப் போல்ட்டை அழுத்தி உருட்டுங்கள். கோடுகள் மூன்று பாகை சாய்ந்து விழும். ஆகவே தாளின் விளிம்பைப் பார்க்காமல் கோட்டோடு ஒட்டி வெட்டுங்கள்: ஒரு தகடு 32க்கு 10 மில்லிமீற்றர், பக்கத்துத் தகட்டின் மேல் ஒன்றரை நெளி ஏறட்டும்.