பெரிய அட்வென்ச்சர் பைக்: வருஷக்கணக்கா ஓட்டி, கழட்டி, மாட்டின அனுபவம்

பெரிய அட்வென்ச்சர் டூரிங் பைக் வாங்கப்போறவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது எத்தனை ஹெச்பி, எத்தனை ரைடிங் மோட், க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கா, டிஸ்ப்ளே எவ்ளோ பெருசு, இதத்தான். வருஷக்கணக்கா ஒரே வண்டிய வச்சு ஓட்டிட்டு சொல்றேன், அதெல்லாம் மொதல் சில மாசத்துக்குத்தான். அதுக்கப்புறம் அந்த வண்டி உங்களுக்குப் புடிக்குதா இல்ல பாரமா தெரியுதாங்கறத முடிவு பண்றது கீழ, மண்ணுக்குப் பக்கத்துல இருக்கற சாமான்கள்தான். டயர், ஸ்போக், சஸ்பென்ஷன், செயின், பேரிங். இந்த அஞ்சையும் சரியா வச்சிருந்தா 240 கிலோ வண்டி கைக்குள்ள அடங்கும், இல்லன்னா எவ்ளோ எலக்ட்ரானிக்ஸ் இருந்தாலும் அது முரண்டு புடிக்கும்.

என்கிட்ட இருக்கறது ட்வின் சிலிண்டர், லிக்விட் கூல்டு, செயின் டிரைவ், முன்னாடி 21 இன்ச் பின்னாடி 18 இன்ச் ஸ்போக் வீல். டேங்க் ரொப்பினா 240 கிலோ தாண்டும், பெட்டி மாட்டி சாமான் ஏத்தி பின்னாடி ஒரு ஆள் உக்காந்தா மொத்தமா 400 கிலோவ தொட்டுடும். பிராண்ட் பேர் வேணும்னேதான் போடல, ஏன்னா நான் சொல்றது இந்த வகை வண்டி எல்லாத்துக்கும் பொருந்தும்.

எடையப் பத்தி மொதல்ல பேசிடலாம். இந்த வகைய ஆரம்பிச்சு வச்ச பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ் 1980ல வந்தப்ப 200 கிலோகூட இல்ல, இன்னிக்கு அதே வரிசைல வர ஆர் 1300 ஜிஎஸ் 237 கிலோ, அதையும் முந்தின மாடலவிட எடை கொறைச்சிருக்கோம்னு சொல்லித்தான் 2023ல கொண்டு வந்தாங்க. ஓடும்போது இந்த எடை தெரியவே தெரியாது, சொல்லப்போனா ஹைவேல காத்து அடிக்கும்போது இந்த எடைதான் வண்டிய நேரா வைக்கும். தெரியறது நிக்கும்போது. சரளைக்கல்லு மேல யூடர்ன், சரிவுல பார்க்கிங், பள்ளத்துல கால் எட்டாம போறது, இங்கதான் எல்லாம் நடக்கும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி ஷோரூம்ல உக்காந்து பாக்கறது பத்தாது, வண்டிய எறங்கித் தள்ளிப் பாருங்க, பின்னாடி இழுத்துப் பாருங்க.

வண்டி விழும். இது வச்சிருக்கற எல்லாருக்கும் என்னைக்காவது ஒருநாள் விழும், அத அவமானமா நெனைக்க வேண்டியதில்ல, தூக்கத் தெரிஞ்சிருக்கணும் அவ்ளோதான். மொதல்ல இன்ஜின் ஆஃப், பெட்ரோல் ஒழுகுதான்னு பாருங்க. வலது பக்கமா விழுந்திருந்தா தூக்கறதுக்கு முன்னாடியே சைட் ஸ்டாண்ட எறக்கி விட்ருங்க, இல்லன்னா நிமிந்த வேகத்துல அந்தப் பக்கமா சாஞ்சிடும். கியர்ல இருந்தா வீல் உருளாது. அப்புறம் வண்டிக்கு முதுகக் காட்டி, இடுப்ப சீட் ஓரத்துல அணைச்சு உக்காந்து, ஒரு கை ஹேண்டில்பார் க்ரிப்ல, ஒரு கை பின்னாடி ஃப்ரேம்ல, முதுக நேரா வச்சு தொடையால தள்ளி சின்னச் சின்ன அடியா பின்னாடியே நடக்கணும். குனிஞ்சு கையால தூக்கப் பாத்தா வண்டி எழாது, இடுப்புதான் போகும். வீட்ல ஒரு பழைய மெத்தைய போட்டு அதுமேல படுக்க வச்சு பழகிக்கோங்க, ரொம்ப நல்ல பயிற்சி.

இப்ப சஸ்பென்ஷன். என்னக் கேட்டா இந்த வண்டில ஓட்டறவங்க ரொம்பப் பேரு தொடாமலே விடற விஷயம் இதுதான். கம்பெனிலேந்து வரும்போது ஏதோ ஒரு நடுத்தர எடைக்கு செட் பண்ணி அனுப்புவாங்க, நீங்க அதவிட 20 கிலோ கூடவோ கொறையவோ இருந்தா, அதுமேல பெட்டியும் மாட்டினா, கணக்கே மாறிடும். அளக்கறது சுலபம். வண்டிய சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு பின் வீல் காத்துல தொங்கும்போது ஆக்ஸில்லேந்து நேர் மேல சீட்டுக்குக் கீழ ஒரு எடத்துக்கு டேப் வச்சு அளந்துக்கோங்க, அப்புறம் ஸ்டாண்ட எடுத்துட்டு ஜாக்கெட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு நீங்க ஏறி உக்காந்து, இன்னொருத்தர விட்டு அதே ரெண்டு புள்ளிய அளக்கச் சொல்லுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். மொத்த டிராவல்ல, அதாவது சஸ்பென்ஷன் மேலயும் கீழயும் போய்வர தூரத்துல, ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு வரணும், 200 மில்லிமீட்டர் டிராவல் இருக்கற வண்டின்னா 60லேந்து 65க்குள்ள. அதவிட அதிகமா உக்காந்தா பிரீலோட, அதாவது ஸ்ப்ரிங்க முன்கூட்டியே அழுத்தி வைக்கற அளவ, ஏத்துங்க. முன்னாடி ஃபோர்க்குக்கு ஒரு கேபிள் டைய சுத்திக் கட்டிட்டா போதும், எவ்ளோ அமுங்குதுன்னு அதுவே காட்டிக் குடுக்கும்.

லோடு ஏத்தி பிரீலோட மாத்தாம விட்டா என்னாகும்னு சொல்றேன். பின்னாடி உக்காந்துடும், ஹெட்லைட் எதிர்ல வரவங்க கண்ணுல அடிக்கும், முன் வீல்ல பாரம் கொறஞ்சு வளைவுல வண்டி வெளிப்பக்கமா ஓடும். இன்னொன்னு யாரும் கவனிக்கறதில்ல, வண்டி கீழ எறங்கினதால சைட் ஸ்டாண்ட் நீளமான மாதிரி ஆயிடும், வண்டி சாயாம நெட்டுக்குத்தா நிக்கும், லேசா சரிவா இருந்தா அந்தப் பக்கமா கவுந்துடும். நிறுத்தின வண்டி தானா விழுந்துச்சுன்னு சொல்ற கதைல பாதிக்கு இதுதான் காரணம்னு நான் நெனைக்கறேன். பிரீலோட் நாப் ஒன்னு வெளியவே குடுத்திருப்பாங்க, கையால திருப்பறதுதான், அத திருப்பாம ஆயிரம் ஆக்சசரிக்கு ஆசைப்படறது எனக்குப் புரியவே மாட்டேங்குது.

டயருக்கு வருவோம். 90/90-21, 150/70-18 சைஸ்ல செலக்‌ஷன் நெறைய இருக்கு, 19 இன்ச் வண்டிங்களுக்கும் இப்ப பஞ்சமில்ல. நான் ரோட் பேட்டர்னும் ஓட்டியிருக்கேன், கான்டினென்டல் டிகேசி 80 மாதிரி கட்டை கட்டையா ரப்பர் துருத்திட்டு இருக்கற பட்டன் டயரும் ஓட்டியிருக்கேன். பட்டன் டயர் மண்ணுல குடுக்கற தைரியம் வேற எதுலயும் வராது, ஆனா தார் ரோட்ல சீக்கிரம் கரைஞ்சுடும், மழைல பிரேக் புடிக்கும்போது மனசு அடிச்சுக்கும், ஹெல்மெட்டுக்குள்ள ஓயாம ஒரு ரீங்காரம் கேட்டுட்டே இருக்கும். உங்க ஓட்டத்துல முக்காவாசி தார் ரோடுன்னா அதுக்குத் தகுந்த டயரத்தான் போடணும். காத்து முழு லோடுல முன்னாடி 36, பின்னாடி 42 பிஎஸ்ஐ இந்த சைஸ் வண்டிக்கு வழக்கமான அளவு, உங்க மேனுவல்ல என்ன போட்ருக்குன்னு பாத்துக்கோங்க. மண்ணுல போகும்போது எறக்கினா புடிப்பு நல்லா வரும், ஆனா திரும்ப ரோட்டுக்கு வந்ததும் ஏத்தியே ஆகணும், அதனால சின்ன 12 வோல்ட் பம்ப் ஒன்னு எப்பவும் சீட்டுக்கடில இருக்கட்டும்.

ஸ்போக் வீல்ல ட்யூபா ட்யூப்லெஸ்ஸான்னு வாங்கும்போதே கேளுங்க. 2016ல திரும்பி வந்த ஹோண்டா ஆப்ரிக்கா ட்வின் ட்யூப் டயரோடதான் வந்துச்சு. ட்யூப்ல பஞ்சர்னா வீல கழட்டி, டயர பிரிச்சு, லீவர் போட்டு, ரோட்டோரத்துல பெரிய வேலை. ட்யூப்லெஸ்ல ஒரு ப்ளக் சொருகி காத்தடிச்சா கெளம்பிடலாம். ஸ்போக்க மாசத்துக்கு ஒருதடவையாவது சின்ன ஸ்பேனரால தட்டிப் பாருங்க, இறுக்கமா இருக்கறது கணீர்னு கேக்கும், லூசானது மொத்தையா கேக்கும், காதே சொல்லிடும்.

செயின். செயினுக்கு பதிலா தண்டு வச்ச ஷாஃப்ட் டிரைவ் வண்டிக்காரங்கள பாத்து பொறாமையாத்தான் இருக்கும், ஒத்துக்கறேன், ஆனா செயின் எடை கம்மி, எங்க வேணா மாத்திக்கலாம், ஒழுங்கா பாத்துக்கிட்டா ரொம்ப நாள் வரும். இந்த வண்டில டிராவல் அதிகங்கறதால, பின் வீல புடிச்சிருக்கற ஸ்விங்ஆர்ம் மேலயும் கீழயும் நெறைய ஆடும், முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் பிவட், பின் ஆக்ஸில் மூணும் ஒரே கோட்டுல வரும்போது செயின் ரொம்ப டைட்டாகும். அதுக்கு எடம் விட்டுத்தான் ஸ்லாக், அதாவது செயின்ல தொய்வு, வைக்கணும், சாதாரண பைக்கவிட இது தொங்கற மாதிரி தெரியும், அதுதான் சரி. ஒருதடவ சர்வீஸ்ல குடுத்தப்ப தொங்குதேன்னு இறுக்கி வச்சுக் குடுத்துட்டாங்க, வண்டி எடுத்த கொஞ்ச தூரத்துலயே பள்ளத்துல எறங்கும்போது பின்னாடி கட்டையா ஒரு அடி, அங்கயே ஓரங்கட்டி அளந்து பாத்து சரி பண்ணினேன். அத அப்படியே விட்ருந்தா கியர்பாக்ஸ் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்தான் தின்னுருக்கும். வீல சுத்தி சுத்தி நாலஞ்சு எடத்துல அளங்க, எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது, இருக்கறதுலயே டைட்டான எடத்துல வச்சுத்தான் அட்ஜஸ்ட் பண்ணணும். க்ளீன் பண்ண மண்ணெண்ணையும் மெத்துன்னு ஒரு பிரஷ்ஷும் போதும், கம்பி பிரஷ் போட்டா உள்ள இருக்கற ஓ-ரிங் போயிடும், க்ரீஸ் வெளிய வந்தா அந்த செயின் அவ்ளோதான். ஓட்டி முடிச்சு சூடா இருக்கும்போது உள்பக்கமா செயின் லூப்ரிகன்ட் அடிச்சு ராத்திரி முழுக்க விட்ருங்க. மாத்தும்போது ஸ்ப்ராக்கெட் ரெண்டையும் சேத்தே மாத்துங்க.

ஏர் ஃபில்டர் இன்னொரு எடம். புழுதில குரூப்பா போறவங்க, முன்னாடி போறவர் கெளப்பற தூசி பூரா நம்ம இன்ஜின்தான் குடிக்கும். சில வண்டில ஃபில்டர எட்டறதுக்கே டேங்க கழட்டணும், அதனாலயே தள்ளிப் போடறாங்க, தள்ளிப் போடாதீங்க. கழட்டும்போது ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜின் பக்கமா விரல வச்சுத் தடவிப் பாருங்க, மாவு மாதிரி தூசி ஒட்டினா சீல் சரியா உக்காரலன்னு அர்த்தம்.

எலக்ட்ரானிக்ஸ் பத்தி அதிகமா சொல்ல ஒன்னுமில்ல, நல்லா வேலை செய்யுது. 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்ச்சர்ல பாஷ் கொண்டுவந்த கார்னரிங் ஏபிஎஸ் இன்னிக்கு இந்த வகைல சகஜமாயிடுச்சு, ஈர ரோட்ல வளைவுல அதோட அருமை தெரியும். ஒன்னே ஒன்னு, ஆஃப்-ரோடுக்கு பின் ஏபிஎஸ் ஆஃப் பண்ணிட்டு சாவிய அணைச்சா நெறைய வண்டில அது திரும்ப ஆன் ஆயிடும், செங்குத்தான மண் எறக்கத்துல ஃபோட்டோவுக்கு நிறுத்திட்டு திரும்பக் கெளம்பும்போது மோட பாத்துட்டு கெளம்புங்க. அலாரம், டிராக்கர், ஜிபிஎஸ்னு மாட்டினா அணைச்ச பிறகும் பேட்டரி கரையும், வாரக்கணக்குல நிறுத்தப்போறீங்கன்னா மெயின்டனன்ஸ் சார்ஜர் மாட்டி வைங்க, லித்தியம் பேட்டரின்னா அதுக்குன்னு உள்ள சார்ஜர்தான் போடணும்.

பெட்டி விஷயத்துல என் தேர்வு சாஃப்ட் பேக். அலுமினியப் பெட்டி பூட்டிட்டுப் போக வசதிதான், ஆனா மண்ணுல கால் ஊணி சமாளிக்கும்போது பின்னாடியே வந்து கெண்டைக்கால்ல இடிக்கும், வண்டி விழும்போது கால் அதுக்கடில மாட்டினா எலும்பே போயிடும்.

மீதி பராமரிப்பெல்லாம் பொறுமைதான். பிரேக் ஃப்ளூயிட் ஈரத்த இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடணும், எவ்ளோ கம்மியா ஓட்டியிருந்தாலும். ஹை பிரஷர் வாட்டர வீல் பேரிங், பின் சஸ்பென்ஷன ஸ்விங்ஆர்மோட இணைக்கற லிங்கேஜ், ரேடியேட்டர் பக்கம் நேரா அடிக்காதீங்க, சீலத் தாண்டி தண்ணி உள்ள போனா க்ரீஸ் போயி துரு புடிக்கும். லிங்கேஜ் பேரிங்குக்கு க்ரீஸ் வைக்கறத பல எடத்துல யாரும் சொல்லாம செய்யறதில்ல, கேட்டு வாங்கணும். வால்வ் க்ளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விடற இடைவெளி, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா செக் பண்ணணுங்கறது வண்டிக்கு வண்டி மாறும், டுகாட்டி மல்டிஸ்ட்ராடா வி4ல 60,000 கிலோமீட்டர்னு போட்ருக்காங்க, பல ட்வின்கள்ல அதுல பாதிகூட வராது. பிரிச்சு அளக்கறதே ஒருநாள் வேலை, அந்த இடைவெளிய சரி பண்ற சின்ன தகடான ஷிம் மாத்தணும்னா இன்னும் நேரம் இழுக்கும்.

பழைய வண்டி வாங்கறவங்க மேல இருக்கற பெயின்ட்ட பாக்காம கீழ குனிங்க. இன்ஜினுக்கு அடில இருக்கற தகடான சம்ப் கார்ட்ல கீறல் இருக்கறது தப்பில்ல, இன்ஜின் கேஸ்ல வெல்டிங் தெரிஞ்சா தப்பு. சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு முன் வீல தூக்கி ஹேண்டில்பார மெதுவா திருப்புங்க, நடுவுல லேசா சிக்கி நின்னா ஸ்டியரிங் பேரிங் போயிடுச்சு. பின் வீல புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, டக்குனு சத்தம் வந்தா லிங்கேஜ். கடைசியா வால்வ் செக் பண்ணின பில்ல கேளுங்க, அது இல்லன்னா அந்த வேலை இன்னும் நடக்கலன்னே வச்சுக்கிட்டு, அதுக்காகற செலவ கழிச்சுட்டு வெலை பேசுங்க.