சொந்த நிலா நாள்காட்டி: சேலத்து மொட்டை மாடியில் சில வருஷ அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கையையும் பழைய ஐரோப்பியத் தெய்வங்களையும் வணங்கும் பேகன் வழிபாட்டில் ஆர்வம் வந்து நிலாவைப் பின்பற்ற நினைக்கிறவர்கள் ஆன்லைனில் விற்கும் நிலா டைரி எதையும் வாங்க வேண்டாம். ஒரு கோடு போட்ட நோட்டு, வீட்டில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் தினசரி கேலண்டர், கிழக்கும் மேற்கும் மறைக்காத ஒரு மொட்டை மாடி, இவ்வளவு போதும். கொரோனா ஊரடங்கு சமயத்திலிருந்து அம்மாபேட்டை வீட்டு மாடியில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் சலிக்கவில்லை.

ஆரம்பத்தில் நானும் ஒரு டைரி வாங்கினேன். அட்டை அருமை, தாள் அருமை, உள்ளே இருந்த நேரமெல்லாம் நியூயார்க் நேரம். விற்றவர்களிடம் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. அதைவிடச் சங்கடம் பௌர்ணமிகளுக்குப் போட்டிருந்த பெயர்கள். ஜனவரி ஓநாய் நிலா, பிப்ரவரி பனி நிலா, ஜூன் ஸ்ட்ராபெரி நிலா. அமெரிக்கப் பூர்வகுடிகளும் அங்கே குடியேறியவர்களும் அவரவர் குளிருக்கும் விளைச்சலுக்கும் ஏற்பச் சொன்ன பெயர்கள், அந்த நாட்டுப் பஞ்சாங்கங்கள் வழியாக ஊரெல்லாம் பரவியவை. அங்கே பொருத்தமாகத்தான் இருக்கும். மாசியில் ஃபேனை ஐந்தில் ஓடவிட்டுக்கொண்டு பனி நிலாவுக்கு விளக்கேற்ற எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

சரி, ஃபோனில் ஆப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஆப் சொல்லும் பௌர்ணமியும் கேலண்டர் சொல்லும் பௌர்ணமியும் அடிக்கடி ஒரு நாள் தள்ளிப்போகும், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் குழம்புகிற இடம் இதுதான். சூரியனைவிட்டு நிலா 12 பாகை விலகுகிற நேரம் ஒரு திதி. அது ஏறக்குறைய 19 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம் வரை நீளும், குறையும். நிலா சூரியனுக்கு நேர் எதிரே வரும் அந்த நொடியில் பௌர்ணமித் திதி முடிந்துவிடுகிறது. ஆப் காட்டுவது அந்த நொடியை, அதாவது நம் திதியின் கடைசியை. 2023 ஆகஸ்டில் அந்த நொடி நம் நேரப்படி நள்ளிரவு 12 மணியைத் தாண்டி ஓரிரு நிமிஷத்தில் வந்தது. ஆப்பில் தேதி 2, கேலண்டரில் பௌர்ணமி 1, லண்டன்காரர்களுக்கும் 1. எல்லாமே சரிதான். நான் 1ஆம் தேதி ராத்திரி விளக்கேற்றினேன், ஏனென்றால் 2ஆம் தேதி நிலா எழும்போது அது தேய ஆரம்பித்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும். அமாவாசைக்கும் இதே கணக்குதான். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேர வித்தியாசம் வரும், வானத்தைப் பார்த்துப் பழகுகிறவர்களுக்குத் திருக்கணிதம் ஒத்துப்போகும்.

என் நோட்டில் மாதம் அமாவாசையில் தொடங்குவதில்லை, பிறையைக் கண்ணால் பார்த்த அந்தியில் தொடங்குகிறது. சாதாரணமாக அது மூன்றாம் பிறை. நிலாவின் ஒரு சுற்று சராசரி 29 நாள், 12 மணி, 44 நிமிஷம் என்பதால் என் மாதம் 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விடாது, அப்போது 30 நாளை முடித்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்கிவிடுவேன். ரம்ஜான் பிறை தெரியாவிட்டால் பள்ளிவாசலில் செய்வதும் இதுதானே. நாலாம் பிறை மட்டும் வீட்டில் பிரச்சினை. அம்மாயி கீழே இருந்தே குரல் கொடுக்கும்: "கண்ணு, இன்னிக்கு நாலாம் பொற, மேல போவாத." போகத்தான் செய்கிறேன், அம்மாயிக்குத் தெரியும், ஒன்றும் சொல்வதில்லை.

பிறையின் வடிவத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் வளர்பிறை எப்போதும் செங்குத்தாக நிற்கும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 12 பாகைக்குள், அதனால் மாசி, பங்குனியில் இங்கே பிறை கிண்ணத்தை வைத்தது போல இரண்டு முனையும் மேலே பார்த்துப் படுத்துக் கிடக்கும். புரட்டாசிப் பிறை நன்றாகச் சாய்ந்திருக்கும். இதை எந்த டைரியிலும் நான் பார்த்ததில்லை, நாமே மாதாமாதம் வரைந்தால்தான் பிடிபடும்.

நோட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் தொடுவான் பக்கம். சேலத்தைச் சுற்றி மலைகள், வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கே சேர்வராயன் மலை. கைப்பிடிச் சுவரில் ஒரே இடத்தில் நின்று, மலைகளின் விளிம்பை நோட்டில் நீளவாக்கில் ஒரு கோடாக வரைந்துவிட்டு, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நிலா எழுந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பதால், ஆனியில் சூரியன் வடக்கே போயிருக்கும்போது நிலா தென்கிழக்கில் ஜருகுமலைப் பக்கம் எழும்பும். மார்கழியில் அப்படியே மாறி, சேர்வராயன் மலை கிழக்கே சரிந்து முடிகிற பக்கம் வந்துவிடும். ஒரு வருஷப் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஊசலாட்டம் தெரியும். இதற்கு மேல், அந்த ஊசலாட்டமே அகன்று சுருங்குகிற 18.6 வருஷச் சுற்று ஒன்று உண்டு. 2024, 2025இல் அது உச்சத்தில் இருந்தது, அதனால் 2025 ஜூன் பௌர்ணமிக்கு நிலா எதிர்வீட்டு வேப்பமரத்தையும் தாண்டித் தெற்கே போய் எழும்பியது. உச்சத்துக்கு முந்தைய வருஷப் புள்ளிகளெல்லாம் மரத்துக்கு இந்தப் பக்கம். என்னைக் கேட்டால், நிலா நாள்காட்டியில் வழிபாடு என்று சொல்லத்தக்கது பாதி இந்தப் புள்ளி வைக்கிற வேலையில்தான் இருக்கிறது.

வழிபாடு என்று பார்த்தால், பேகன் வழிகளில் ஒன்றான விக்காவில் பௌர்ணமிக் கூடலை எஸ்பாட் என்பார்கள், கேக்கும் ஒயினும் படைப்பார்கள். நான் கச்சாயமும் பானகமும் வைக்கிறேன், சொம்புத் தண்ணீரில் நிலா விழுகிற மாதிரி வைத்துக்கொள்கிறேன், அப்புறம் சாப்பிட்டுவிடுகிறேன். கிரேக்க வழியில் போகிறவர்களுக்கு மாதக் கடைசியின் இருட்டு ராத்திரி ஹெக்கட்டே என்கிற தேவிக்கு உரியது, பழைய ஏதென்ஸில் அன்று முச்சந்தியில் அவளுக்குச் சாப்பாடு வைத்தார்கள், மறுநாள் புதுப்பிறையை வீட்டில் கொண்டாடினார்கள். முச்சந்தியில் சோறு வைத்தால் நம் தெருவில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை, விடிந்தால் யார் வீட்டுக்கு யார் செய்வினை வைத்தது என்று பஞ்சாயத்து நடக்கும். ஆனால் அதே அமாவாசையில் கடைக்குக் கடை பூசணிக்காய் உடைகிறது, வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சை நசுங்குகிறது, கஞ்சமலை சித்தர் கோவிலில் கூட்டம் நெரிகிறது. நான் காக்காய்க்குச் சோறு வைக்கிற சுவரிலேயே ஹெக்கட்டே பங்கையும் வைத்துவிடுகிறேன். யாரும் எதுவும் கேட்டதில்லை.

மாதப் பெயர்களை நான் முன்கூட்டி எழுதுவதில்லை. மாதம் முடிந்ததும், அந்த மாதம் எது தூக்கலாக இருந்ததோ அதை எழுதுகிறேன். ஏற்காட்டில் மாமா வீடு இருப்பதால் ஒரு பெயர் மட்டும் அவர் கையில். மார்ச், ஏப்ரலில் பூ மழை என்கிற கோடை மழை விழுந்து பத்து நாளுக்குள் காப்பித் தோட்டம் மொத்தமும் வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். மாமா ஃபோன் பண்ணி "பூத்துருச்சு மாப்ள" என்றால் அது காப்பிப் பூ நிலா. மழை தாமதமானால் பெயர் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். அப்புறம் மாம்பழ நிலா, ஆடிக் காற்று நிலா. 12 நிலா மாதம் 354 நாள்தான், வருஷத்துக்கு 11 நாள் குறைகிறது, ஆகவே இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதின்மூன்றாவது மாதம் ஒன்று வரும். முன்னமே பெயர் அச்சடித்த டைரி இங்கேதான் திணறும், என் நோட்டில் இன்னொரு பக்கம் திருப்பினால் போதும்.

பயன்படாததையும் சொல்கிறேன். தூக்கம், மனநிலை என்று இரண்டு கட்டம் போட்டிருந்தேன், நிலாவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் என் நோட்டில் தெரியவில்லை, எடுத்துவிட்டேன். வளர்பிறையில் விதைத்த கீரையும் தேய்பிறையில் விதைத்த கீரையும் தொட்டியில் ஒன்றுபோலத்தான் வந்தன. நம்புகிறவர்களோடு சண்டைக்கு வரவில்லை. தினமும் எழுதுவதும் தேவையில்லை, பிறை, பௌர்ணமி, தேய்பிறை அஷ்டமி, அமாவாசை, இந்த நான்கும் தவறாமல் இருந்தால் நாள்காட்டி நிற்கும். கிரகணம் தனி. 2025 செப்டம்பர் 7 முழுக் கிரகணம் ராத்திரி 11 மணிக்குத் தொடங்கி 12.22 வரை இருந்தது. தெருவே கதவடைத்துக் கிடக்க, சிவப்பு எந்தப் பக்கம் முதலில் வெளுக்கிறது என்று மாடியில் உட்கார்ந்து எழுதியது ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது.

தொடங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். பேனா வேண்டாம், மார்கழிப் பனியில் தாள் நமுத்து மை பரவிவிடுகிறது, பென்சில்தான் சரி. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கலர் பேப்பர் ஒட்டிக்கொள்ளுங்கள், எழுதிவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டுக்கு மறுபடி பழகக் காத்திருக்க வேண்டியிருக்காது.