நகத்தில் கடல்: அலை வண்ணமா, மணல் சிப்பியா?

ராமேஸ்வரத்துக்குக் கோடை விடுமுறையில் போகிறவர்களுக்கு, நெயில் பாலிஷில் அலை வண்ணமே நல்லது. 22 தீர்த்தங்களிலும் நீராடினால் நகம் நீரில் ஊறி விரியும், காய்ந்ததும் சுருங்கும். பாலிஷ் அப்படி வளையாது, ஓரத்தில் விரிசல் விடும். மெல்லிய பூச்சு இதைத் தாங்கும், தடித்த பூச்சு உரியும்.

முதலில் பேஸ் கோட் (அடிப்பூச்சு), அதன்மேல் வெள்ளை. வெள்ளை நன்றாகக் காய வேண்டும். மேக்கப் ஸ்பாஞ்சை லேசாக ஈரமாக்குங்கள். உலர்ந்த ஸ்பாஞ்ச் பாலிஷை உறிஞ்சிவிடும். அதில் கருநீலம், பச்சை கலந்த நீலம், வெள்ளை மூன்றையும் ஒட்டினாற்போல் கோடாக இட்டு, நகத்தில் மெதுவாக ஒற்றுங்கள். 2 அல்லது 3 முறை போதும். அழுத்தினால் குமிழி வரும். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் முன்பே ஃபெவிகால் தடவியிருந்தால், சிந்தியது அதோடு உரிந்து வந்துவிடும். நகநுனியையும் மூடி டாப் கோட் (மேல்பூச்சு) போடுங்கள்; அவசரப்பட்டால் நிறங்கள் இழுபடும்.

அங்கே ஆண் கடல் என்று சொல்லும் அலை மிகுந்த கடலுக்குக் கருநீலமும், பெண் கடல் என்று சொல்லும் அமைதியான கடலுக்கு இளநீலமுமாகக் கைக்கு ஒன்று தீட்டினால் இன்னும் அழகு!

மணல் சிப்பி வடிவம் புகைப்படத்தில் எடுப்பாகத் தெரியும். பழுப்பு பாலிஷ் ஈரமாக இருக்கும்போதே மெல்லிய மினுக்குத் தூளைத் தூவலாம். தனுஷ்கோடி மணலைத் தூவாதீர்கள். அதன் உப்பும் பெரிய துகள்களும் பூச்சைப் பெயர்க்கும். நகத்தின்மேல் ஒட்டவைக்கும் சிப்பி முடியிலும் துப்பட்டாவிலும் மாட்டும், அதனால் மோதிர விரலோடு நிறுத்துங்கள். பவளத்துண்டு வேண்டவே வேண்டாம், அதை எடுப்பது சட்டப்படி குற்றம்.