லாராவெல் டீபக்பார்: டேபிள் தொடர்புச் சிக்கல்களைப் பிடிக்கும் கருவி

லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில், டேட்டாபேஸைக் கையாளும் பகுதியான எலோக்வென்டில் டேபிள்களை இணைத்து எழுதுகிறவர்கள் முதலில் நிறுவ வேண்டியது டீபக்பாரைத்தான். கம்போசரில் (பிஎச்பி பேக்கேஜ்களை நிறுவும் கருவி) டெவ் பகுதியில் சேர்த்து, சூழல் கோப்பில் டீபக்கை ட்ரூ ஆக்கினால் பக்கத்தின் அடியில் பட்டை வந்துவிடும்.

குவெரி டேப்தான் இதன் உயிர். 50 பதிவுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றிலும் எழுதியவர் பெயரைக் காட்டினால் குவெரி எண்ணிக்கை 51 என்று நிற்கும்: பட்டியலுக்கு ஒன்று, எழுதியவர்களுக்கு 50. ஐடி மட்டும் மாறி ஒரே செலக்ட் திரும்பத் திரும்ப ஓடுவது கண்ணெதிரே தெரியும். தொடர்பை முன்கூட்டியே மொத்தமாக எடுக்கும் 'வித்' சேர்த்துப் பக்கத்தைப் புதுப்பியுங்கள்: எண்ணிக்கை 2 ஆகிவிடும். இரண்டாவது குவெரியில் ஐடிகள் எல்லாம் ஒரே 'இன்' அடைப்புக்குள் போயிருக்கும்.

தொடர்பு 'நல்' (null, மதிப்பே இல்லாதது) ஆக வரும்போதும் கைகொடுக்கிறது. வேகத்துக்காக ஐடி, தலைப்பு மட்டும் செலக்ட் செய்திருப்பீர்கள், எழுதியவரைச் சுட்டும் 'ஆதர்_ஐடி' விடுபட்டிருக்கும். எலோக்வென்ட் பிழை சொல்லாது, சத்தமில்லாமல் நல் தரும். ஓடிய குவெரியைப் படித்தால் விடுபட்ட ஃபீல்டு உடனே தெரியும். பதிவை அதன் எழுதியவரோடு இணைக்கும் 'பிலாங்ஸ்டூ', தொடர்பு மெத்தடின் பெயரோடு '_ஐடி' சேர்த்தே ஃபாரின் கீயை (மற்ற டேபிளின் ஐடியைத் தாங்கும் ஃபீல்டை) தேடும். மெத்தட் பெயர் 'ஆதர்' ஆக இருக்க, டேபிளில் 'யூசர்_ஐடி' என்றிருந்தால் அதை இரண்டாவது ஆர்க்யுமென்டாகக் கொடுத்தாக வேண்டும்.

குறைகள் உண்டு. ஜேசன் பதிலை நேரடியாகத் திறந்தால் பட்டை தெரியாது. பக்கமும் சற்று மெதுவாகும். நேரலை சர்வரில் மட்டும் ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள், உங்கள் குவெரிகளை எவரும் படிக்கலாம். சோதனைச் சூழலில் தொடர்பை ஒவ்வொன்றாகத் தனியே எடுப்பதைத் தடுக்கும் 'பிரிவென்ட் லேசி லோடிங்' வசதியையும் இயக்கினால், 'வித்' மறந்த இடத்தில் எக்ஸப்ஷனே வந்துவிடும்.